நோட்டர் டேமா, யூஐயூசியா? மே 1-க்குள் டெபாசிட் கட்டணும், கொஞ்சம் சொல்லுங்க

நேபர்வில்காரன்:
மகளுக்கு ரெண்டு இடத்தில் சீட் வந்திருக்கு. ஒண்ணு யூஐயூசி (அர்பானா-சாம்பெய்னில் இருக்கிற இல்லினாய் மாநிலப் பல்கலை), சிஎஸ் (கணினியியல்) பிளஸ் எகனாமிக்ஸ். இன்னொண்ணு இந்தியானாவில் இருக்கிற தனியார் கத்தோலிக்கப் பல்கலை நோட்டர் டேம், ஆர்ட்ஸ் அண்ட் லெட்டர்ஸ் கல்லூரியில் பொருளாதாரம். நாங்க இல்லினாய்வாசிகள் என்பதால் யூஐயூசியில் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 40,000 டாலர் பக்கம் வரும். நோட்டர் டேம் கொடுத்த உதவித்தொகை போக எங்க கையிலிருந்து 66,000. நாலு வருஷத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

மகள் போன அக்டோபரில் தோழி குடும்பத்தோடு நோட்டர் டேமுக்கு மேட்ச் பார்க்கப் போனாள். அன்றிலிருந்து அதே பேச்சு. மனைவிக்கு வேறு கவலை. நாங்க மாசத்துக்கு ஒருமுறை லெமான்ட் இந்துக் கோயிலுக்குப் போகிற குடும்பம். நோட்டர் டேமில் பத்தில் எட்டு பிள்ளைங்க கத்தோலிக்கர்களாமே, இவள் தனியா நிற்க மாட்டாளா என்கிறாள். எனக்குப் பணக் கவலை. அங்கே படிச்சவங்க, பிள்ளைங்களை அனுப்பினவங்க இருந்தா நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்க. விளம்பரக் கையேட்டில் இருக்கிறதெல்லாம் நானே படிச்சுட்டேன்.

கணக்குப்பிள்ளை:
யூஐயூசியில் சிஎஸ் பெயர் ஒட்டின சீட் கிடைச்சும் இந்தக் கேள்வியா சார்? அந்த சீட்டுக்கு ஊரே தவம் கிடக்குது. இன்னொரு விஷயம்: இல்லினாயில் 2004-லிருந்து சட்டமே இருக்கு. மாநிலப் பல்கலையில் சேர்ந்த வருஷ டியூஷன் எவ்வளவோ அதேதான் நாலு வருஷத்துக்கும், உள்ளூர் மாணவருக்கு. தனியாரில் வருஷா வருஷம் ஏறும். உங்க 66,000 கடைசி வருஷத்தில் 66,000-ஆ இருக்காது. ஒரு லட்சம் வித்தியாசம்னு எழுதியிருக்கீங்க, அதைவிட அதிகமாவே எழுதிக்குங்க.

நோட்டர் டேமின் தங்கக் கோபுரம் பார்த்து மயங்குற வயசு அவளுக்கு. உங்களுக்கு இல்லையே.

பனிக்கோழி:
நான் அங்கே இளங்கலை முடிச்சவள். கணக்குப்பிள்ளை அண்ணா சொல்ற கணக்கில் தப்பில்லை. ஆனா நோட்டர் டேமில் எதை வாங்குறோம்னு தெரியாம அந்தக் கணக்கைப் போட முடியாது.

அங்கே எல்லாமே ஹால்தான். மத்த இடத்தில் டார்ம் என்பது தூங்குற இடம். இங்கே சேரும்போதே உங்களை ஒரு ஹாலில் போட்டுடுவாங்க. பிடிச்ச ஹாலைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. முப்பதுக்கு மேல் ஹால்கள், ஒவ்வொண்ணுக்கும் உள்ளேயே ஒரு சேப்பல். ஹாலைப் பார்த்துக்கிற ரெக்டர் அந்தக் கட்டடத்திலேயே குடியிருப்பார்: ஃபாதராகவோ சிஸ்டராகவோ சாதாரணக் குடும்பத்தவராகவோ இருக்கலாம். குறைஞ்சது ஆறு செமஸ்டர் வளாகத்திலேயே தங்கணும், அது கட்டாயம். ஃப்ரடர்னிட்டி, சொரோரிட்டின்னு மத்த கல்லூரிகளில் இருக்கிற ஆண், பெண் மாணவர் கழகங்கள் கிடையாது. அந்த வேலையையும் ஹாலே செய்யும். ஒரே ஹாலில் முதலாம் ஆண்டுப் பெண்ணும் நாலாம் ஆண்டுப் பெண்ணும் ஒரே வராந்தாவில் இருப்பாங்க. வேலைக்கு ரெஸ்யூமே திருத்தித் தந்தது, எந்தப் பேராசிரியரிடம் எந்தப் பாடம் எடுக்கணும்னு சொன்னது, காய்ச்சலில் கிடந்தப்போ சூப் எடுத்துட்டு வந்தது எல்லாம் எனக்கு அந்த வராந்தாதான்.

இதே விஷயத்தின் மறுபக்கம் பரைட்டல்ஸ் என்ற வருகை நேர விதி. ஞாயிறு முதல் வியாழன் வரை நள்ளிரவு 12, வெள்ளி சனியில் 2 மணி. அதுக்கப்புறம் எதிர்ப்பாலினத்தவர் அறையில் இருக்கக் கூடாது, காலை 9 வரை. பதினொண்ணே முக்காலுக்கு பாதி முடிஞ்ச ப்ராப்ளம் செட்டைக் கையில் பிடிச்சுக்கிட்டு, செருப்புக்காலோட பனியில் தன் ஹாலுக்கு ஓடுற பையன்களை ஜன்னல் வழியா பார்த்துச் சிரிச்சிருக்கோம். பதினெட்டு வயசில் வேடிக்கை. இருபத்தொண்ணில் எரிச்சல். உங்க மகளுக்கு இந்த விதி தெரியுமான்னு கேளுங்க. தெரிஞ்சும் போகணும்னா அது நல்ல அடையாளம்.

ஹால் பிடிக்காம போனவங்களும் உண்டு. கூட்டமா வாழ்றது எல்லாருக்கும் ஒத்துவராது. தனியா ஒரு அறை, தனியா ஒரு வாழ்க்கைன்னு விரும்புற பிள்ளைக்கு இது மூச்சுமுட்டும். ஆண்கள் ஹால்களில் பழைய பெருமை பேசுற கூட்டம் சில சமயம் எல்லை மீறும். 2021-இல் ஸாம் என்ற ஒரு ஹாலின் சமூகத்தையே பல்கலை கலைச்சது. முன்னாள் மாணவர்கள் கொதிச்சாங்க.

நேபர்வில்காரன்:
பரைட்டல்ஸ் பத்திப் படிச்சுக் காட்டினேன். "அம்மா போடுற விதியைவிட லேசாத்தான் இருக்கு" என்றாள். மனைவி சிரிக்கவில்லை.

ஆய்வுக்கூட எலி:
நான் அங்கே பிஎச்டி பண்ணினவன். முதலில் ஒண்ணைத் தெளிவுபடுத்திடறேன்: பனிக்கோழி தங்கச்சி சொல்ற உலகத்தில் நாங்க இல்லை. ஆய்வு மாணவர்கள் ஹால் வாழ்க்கைக்கு வெளியே. வாடகை வீடு, ஆய்வுக்கூடம், வாரம் ஒருமுறை யாராவது ஒருத்தர் வீட்டில் சாம்பார். அதனால் என் பார்வை கொஞ்சம் குளிர்ந்த பார்வை.

இந்தப் பல்கலையின் வரலாறே இளங்கலைக் கல்வியும் ஃபுட்பாலும்தான். 1842-இல் எட்வர்ட் சோரின் என்ற பிரெஞ்சு ஃபாதர் ரெண்டு ஏரிக் கரையில் ஆரம்பிச்சது. 1879 ஏப்ரலில் பிரதானக் கட்டடம் எரிஞ்சு சாம்பலாச்சு, அந்த வருஷ இலையுதிர் காலத்துக்குள்ள திரும்பக் கட்டிட்டாங்க. அந்தக் கட்டடத்து மேல்தான் தங்கக் கோபுரம். ஆராய்ச்சின்னு பார்த்தா தாமதமாத்தான் எழுந்துச்சு. அமெரிக்காவின் முன்னணி ஆய்வுப் பல்கலைகளின் சங்கமான ஏஏயூவில் 2023-இல்தான் சேர்த்தாங்க. வாஷிங்டனின் கத்தோலிக்கப் பல்கலை 1900-இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கினவற்றில் ஒண்ணு, 2002-இல் விலகிடுச்சு. நடுவில் இருபது வருஷம் அதில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைகூட இல்லை.

துறைகள் சமமா இல்லை. மெய்யியல், இறையியல், இடைக்கால வரலாறு உலகத் தரம். கட்டடக்கலையில் பழைய ஐரோப்பிய மரபை விடாமச் சொல்லித் தருவாங்க, மாணவர்களை ஒரு வருஷம் ரோமுக்கே அனுப்புவாங்க. கணக்கியலும் நிதியும் படிக்கிற மெண்டோசா வணிகப் பள்ளிக்குப் பெரிய பெயர். ஆனா அதில் சேர விண்ணப்பிக்கும்போதே அனுமதி வாங்கணும். பொருளாதாரத்தில் சேர்ந்துட்டு அப்புறம் தாவிக்கலாம்னு மகள் நினைச்சா, அது சுலபமில்லை. இதை முதலில் கேட்டுக்குங்க. கணினியியல் நல்லாத்தான் இருக்கு, ஆனா யூஐயூசியோட தராசில் வைக்க முடியாது. அங்கே பாடங்களின் எண்ணிக்கையும் ஆய்வுக் குழுக்களும் வேற அளவு. சொந்த மருத்துவக் கல்லூரியும் நோட்டர் டேமுக்கு இல்லை.

ஊர்? சவுத் பெண்ட். ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலை 1963 டிசம்பரில் மூடினப்போ விழுந்த ஊர். இப்போ தேவலை. ஆனா சிகாகோ பக்கத்தில்தானேன்னு எண்ணி ஏமாறாதீங்க. ரயில் உண்டு, ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். நவம்பரிலிருந்து மார்ச் வரை மிச்சிகன் ஏரியிலிருந்து வர்ற மேகம் தலைமேலேயே உட்காரும். வெயில் பார்க்காத வாரங்கள் உண்டு.

கணக்குப்பிள்ளை:
பாருங்க, அங்கே டாக்டர் பட்டம் வாங்கினவரே சொல்றார்.

ஆய்வுக்கூட எலி:
முழுசாப் படிங்க. கணினியியலே உயிர்னா யூஐயூசின்னு சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு அதுதான் உயிரான்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

முத்துநகர் சேவியர்:
மத விஷயத்தை நான் சொல்றேன், நான் தூத்துக்குடிக் கத்தோலிக்கன். என் அண்ணன் மகன் அங்கே மூணாம் வருஷம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நம்ம ஊரில் கத்தோலிக்கக் கல்லூரின்னா லயோலா, பாளையங்கோட்டை சவேரியார், எல்லாம் சேசு சபை. அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன், பாஸ்டன் காலேஜ் அந்த வகை. நோட்டர் டேம் திருச்சிலுவை (ஹோலி கிராஸ்) சபை. பேரைப் பார்த்து திருச்சி ஹோலி கிராஸோட சேர்த்துடாதீங்க, அது வேற சபைக் கன்னியர் நடத்துறது.

ஜார்ஜ்டவுன் வாஷிங்டன் நகரத்துக்குள்ள இருக்கு. தூதரகமும் நாடாளுமன்றமும்தான் அதுக்கு உலகம், மத வாசனை லேசு. நோட்டர் டேமில் வாசனை பலமா இருக்கும். இறையியலில் ரெண்டு பாடம் எல்லாரும் எடுக்கணும், கணினி படிக்கிறவனும் சரி, கணக்குப் படிக்கிறவனும் சரி. மெய்யியலும் உண்டு. ஆனா அது ஞாயிறு மறைக்கல்வி இல்லை. அண்ணன் மகன் முதல் பாடத்தில் அகஸ்டினைக் கிழிச்சு எழுதின கட்டுரைக்கு நல்ல மார்க் வாங்கினான். அவங்க அம்மாதான் அழுதாங்க.

பூசைக்குப் போகச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. ஞாயிறு ராத்திரி ஹால் பூசைக்குப் பாதிப் பேர் பைஜாமாவோட வருவாங்களாம், முடிஞ்சதும் தின்ன ஏதாவது கொடுப்பாங்க. வேற மதப் பிள்ளைங்களும் அந்தத் தீனிக்காகவே எட்டிப் பார்ப்பாங்கன்னு சொல்வான்.

இன்னொண்ணு. 1952-லிருந்து 1987 வரை முப்பத்தஞ்சு வருஷம் தலைவரா இருந்தவர் ஃபாதர் ஹெஸ்பர்க். 1967-இல் அவர் தலைமையில்தான் கத்தோலிக்கப் பல்கலைக்கும் மெய்யான கல்விச் சுதந்திரம் வேணும்னு லேண்ட் ஓ லேக்ஸ் அறிக்கை வந்தது. பல்கலை நிர்வாகமும் அதே வருஷம் சபையின் கையிலிருந்து பொதுநிலையினர் அதிகமா இருக்கிற அறங்காவலர் குழுவுக்குப் போச்சு. பெண்களைச் சேர்த்தது 1972-இல். அந்த இழுபறி இன்னும் ஓயலை. 2009-இல் ஒபாமாவைப் பட்டமளிப்புக்குக் கூப்பிட்டு கௌரவப் பட்டம் கொடுத்தப்போ, கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கிறவர்னு ஆயர்கள் பலர் எதிர்த்தாங்க. மறுபக்கம், பழமைவாத உச்ச நீதிமன்ற நீதிபதி ஏமி கோனி பாரெட் அங்கேயே சட்டம் படிச்சு அங்கேயே சொல்லிக் கொடுத்தவர். ரெண்டு பக்கத்துக்காரங்களுக்கும் அந்த இடத்து மேல் கோபம் உண்டு. எனக்கு அது நல்லதாத்தான் படுது.

ரெண்டு பிள்ளை அம்மா:
சேவியர் அண்ணா சொன்னதில் ஒரு மூலை விட்டுப்போச்சு. பெண் பிள்ளையைப் பெத்தவங்க அதையும் யோசிக்கணும்.

என் மூத்தவள் வேறொரு கத்தோலிக்கக் கல்லூரியில் படிச்சாள், பெயர் வேண்டாம். மாதவிடாய்க் கோளாறுக்கு டாக்டர் எழுதின கருத்தடை மாத்திரையை வளாக மருந்தகத்தில் கேட்டா, இங்கே அது கிடைக்காதுன்னு ஒரு வார்த்தையில் முடிச்சுட்டாங்க. வெளியே மருந்துக்கடைக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வந்து ராத்திரி எனக்கு போன் பண்ணி அழுதாள். கேட்டிருந்தா விளக்கியிருப்பாங்களோ என்னவோ, பதினெட்டு வயசுக் குழந்தைக்கு எப்படிக் கேட்கத் தோணும்?

நோட்டர் டேமில் இது எப்படின்னு தேடிப் பார்த்தேன். 2018-இல் காப்பீட்டில் சிலவகைக் கருத்தடை மருந்துக்கு இடம்தர முடிவெடுத்து, பழமைவாதிகளிடமும் திட்டு வாங்கி, போதாதுன்னு சொன்ன மாணவர்களிடமும் வாங்கியிருக்காங்க. டுலாக் என்ற மாணவர் கையேட்டில் உடலுறவு திருமணத்துக்குள்தான்னு எழுதியே இருக்கு. தன்பாலின ஈர்ப்புள்ள மாணவர்களுக்கென்று பல்கலை அங்கீகரிச்ச அமைப்புக்கே 2012 டிசம்பரில்தான் வழி பிறந்தது. தப்பு சரின்னு நான் சொல்ல வரலை. போகிற பிள்ளை கண்ணைத் திறந்துக்கிட்டுப் போகணும். அவ்வளவுதான்.

பனிக்கோழி:
அக்கா சொல்றது சரி. டுலாக்கைப் படிச்சுட்டுப் போங்கன்னு நான் எல்லாருக்கும் சொல்வேன். நான் படிக்காமத்தான் போனேன்.

அம்மாவோட தனிமைக் கவலைக்கு: நான் ஐயர் வீட்டுப் பொண்ணு, சுத்த சைவம். ஈஸ்டருக்கு முந்தின தவக்கால வெள்ளிக்கிழமைகளில் டைனிங் ஹாலில் கறியே இருக்காது. வருஷம் பூரா ஒரு மூலையில் சாலட் கிண்டிட்டிருந்த எனக்கு அந்த ஆறேழு வெள்ளிதான் திருவிழா. தீபாவளிக்கு இந்திய மாணவர் சங்கம் ஆட்டம் பாட்டுன்னு அமர்க்களம் பண்ணும். ஆனா கோயில்னு தேடினா சின்னதுதான். மார்கழியில் ஊர் ஞாபகம் வந்து அழுத நாள் உண்டு. வெள்ளைக்காரப் பிள்ளைங்க நிறைய, வசதியான குடும்பங்கள் நிறைய. அப்பா, தாத்தா எல்லாம் அங்கேயே படிச்சதா ஒருத்தி மாத்தி ஒருத்தி சொல்லும்போது, நாம மட்டும் கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாம வந்துட்டோமோன்னு முதல் மாசம் தோணும்.

தோணினப்போ நான் போற இடம் வளாகத்தில் இருக்கிற கெபி, அதாவது மாதா குகை. லூர்து மாதா கெபி மாதிரியே, ஏழில் ஒரு பங்கு அளவில், 1896-இல் கட்டினது. ராத்திரி ரெண்டு மணிக்கும் மெழுகுவர்த்தி எரிஞ்சுட்டிருக்கும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அங்கே இடம் கிடைக்காது. நான் கும்பிட்டது பிள்ளையாரைத்தான். மாதா ஒண்ணும் சொல்லலை.

கணக்குப்பிள்ளை:
பிள்ளையாருக்கு ஒரு லட்சம் டாலர் தட்சிணை. நல்லாருக்கு.

பனிக்கோழி:
அண்ணா, பணத்துக்கும் பதில் சொல்றேன். முன்னாள் மாணவர் வலைன்னு எல்லாக் கல்லூரியும் பீத்தும். இங்கே அது நிஜமா வேலை செய்யும், காரணம் மறுபடி அதே ஹால்தான். முகம் தெரியாத ஒருத்தருக்கு "நானும் அந்த ஹால்" என்று மெயில் போட்டா பதில் வரும். எனக்கு முதல் இன்டர்ன்ஷிப் அப்படித்தான் கிடைச்சது, சிகாகோவில் ஒரு வங்கியில். ஆனா இந்த வலை நிதி, கன்சல்டிங், சட்டம் பக்கம் அடர்த்தி. கலிஃபோர்னியா டெக் பக்கம் யூஐயூசிக்காரங்க கும்பலா உட்கார்ந்திருக்காங்க, ஒத்துக்கிறேன். கடன் வாங்கித்தான் அனுப்பணும்னா நானே வேண்டாம்னுதான் சொல்வேன்.

கோவை பிளஸ் டூ:
நடுவில் வர்றதுக்கு மன்னிக்கணும். இந்தியாவிலிருந்து விண்ணப்பிச்சா உதவித்தொகை கிடைக்குமா?

ஆய்வுக்கூட எலி:
தம்பி, 2024 செப்டம்பரில் இப்போதைய தலைவர் ஃபாதர் டௌட் பதவியேற்றப்போ அறிவிச்சாங்க: வெளிநாட்டு மாணவருக்கும் பண வசதியைப் பார்க்காம சேர்க்கை, தேவை எவ்வளவோ முழுசா ஈடுகட்டுவாங்க, இளங்கலை உதவியில் கடன் என்ற பகுதியே இருக்காது. அமெரிக்காவில் இப்படிச் செய்ற இடங்கள் ரொம்பக் குறைவு. ஆனா சேர்க்கை கடுமை. முன்கூட்டியே விண்ணப்பிக்கிறதுன்னா நவம்பர் 1 கடைசி.

நேபர்வில்காரன் சார், உங்களுக்கும் இதில் ஒரு சேதி. உதவித்தொகைக் கடிதம் கல்வெட்டு இல்லை. உங்க வீட்டில் இன்னொரு பிள்ளை கல்லூரியில் இருந்தாலோ, ஊரில் பெத்தவங்களுக்கு மருத்துவச் செலவு இருந்தாலோ, காகிதத்தோட எழுதிக் கேளுங்க. பல பில்லியன் நிதிக் கையிருப்பு வச்சிருக்கிற இடம், கேட்கிறதில் வெட்கம் வேண்டாம்.

நேபர்வில்காரன்:
மாமியாரின் டயாலிசிஸ் செலவை நாங்கதான் பார்க்கிறோம். விண்ணப்பத்தில் அதைப் போடவே தோணலை. நேத்து ராத்திரி எழுதி அனுப்பிட்டேன்.

நேபர்வில்காரன்:
சனிக்கிழமை குடும்பத்தோட போயிட்டு வந்தோம். இந்தியானாவில் அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுதுன்னு யாருமே சொல்லலையே! பத்தரை மணி சுற்றுக்கு ஒன்பதே முக்காலுக்கே வந்துட்டோம்னு பெருமையா இறங்கினா, குழு கிளம்பி நூலகம் வரைக்கும் போயிடுச்சு. பதினாலு மாடி நூலகம், சுவர் முழுக்க இயேசு ரெண்டு கையையும் தூக்கிட்டு நிற்கிறார். ஃபுட்பாலில் டச்டவுன் அடிச்சா நடுவர் கை தூக்குற மாதிரி இருக்குன்னு, "டச்டவுன் ஜீசஸ்"னு வழிகாட்டிப் பையனே சொன்னான். மனைவிக்கு அது பிடிக்கலை, சாமியைக் கேலி பண்றாங்களேன்னு. அப்புறம் டைனிங் ஹாலில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பொண்ணு, முன்பின் தெரியாதவள், அரை மணி நேரம் மகளோட பேசினாள். அந்த நேரத்தில் நானும் மனைவியும் ஏரிப் பக்கம் நடந்தோம். மனைவி கெபியில் ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினாள். எதுக்குன்னு கேட்டேன், சொல்லலை.

யூஐயூசிக்கும் போன வாரம் போனோம். கணினிக் கட்டடத்தில் மகள் கண் விரிஞ்சது. வண்டியில் வரும்போது மட்டும் ஒண்ணு சொன்னாள்: "அங்கே பெரிய பெரிய விஷயம் எல்லாம் பார்த்தேன்ப்பா. யாரும் என்கிட்ட பேசலை." ஒரு நாளைக்குப் பார்த்ததை வச்சு முடிவு பண்ணாதேன்னு சொல்லியிருக்கேன்.

கணக்குப்பிள்ளை:
அறுபதாயிரம் பேர் பக்கம் படிக்கிற இடத்தில் யார் வந்து பேசுவாங்க சார், நாமதான் போய்ப் பேசணும். அதுவும் ஒரு படிப்புதான். சரி, மேல்முறையீடு என்னாச்சு?

நேபர்வில்காரன்:
வருஷத்துக்கு 9,000 கூட்டியிருக்காங்க. 57,000 இப்போ. இன்னும் வித்தியாசம் 17,000.

கணக்குப்பிள்ளை:
நாலு வருஷத்துக்கு 68,000, விலையேற்றம் தனி. முன்னைவிடப் பரவாயில்லை. நான் இருந்தா இப்பவும் யூஐயூசிதான். ஆனா முன்ன மாதிரி மேஜையைத் தட்டிச் சொல்ல மாட்டேன்.

ரெண்டு பிள்ளை அம்மா:
மருந்து விஷயம் மகளிடம் பேசினீங்களா? நீங்க பேச வேண்டாம், அம்மாவைப் பேசச் சொல்லுங்க.

நேபர்வில்காரன்:
பேசியாச்சும்மா. டுலாக்கையும் ரெண்டு பேருமா உட்கார்ந்து படிச்சாங்க. நிறைய இடத்தில் மனைவி தலையாட்டினாள், மகள் உதட்டைப் பிதுக்கினாள். மெண்டோசாவுக்கு மாறுற எண்ணம் இல்லையாம். பொருளாதாரத்தோட கூடவே கொஞ்சம் கணினிப் பாடங்கள் எடுத்துக்கிறாளாம்.

முத்துநகர் சேவியர்:
அப்போ மே 1 என்ன ஆச்சு சார்? நாங்க எல்லாம் காத்துக்கிட்டிருக்கோம்.

நேபர்வில்காரன்:
கட்டியாச்சு. பனிக்கோழிம்மா, மகள் ஒண்ணு கேட்கச் சொன்னாள். ஏப்ரலில் ஹால்களுக்குள்ள ஏரியில் படகுப் போட்டி நடக்குமாமே, படகை நாமளே கட்டணுமா?

பனிக்கோழி:
ஆமா, நாமளேதான் கட்டணும். பாதிப் படகு நடு ஏரியில் மூழ்கிடும். தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், மாத்துத் துணி கரையில் வச்சுட்டு ஏறச் சொல்லுங்க.